குடல் ஆபரேஷன்: பழைய கவனிப்பா, விரைவு மீட்பா?

“ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது.” நர்ஸாக இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆபரேஷன் பட்டியலில் கடைசிப் பெயருக்கு உரியவர் மறுநாள் மதியம் வரை நாக்கு வறண்டு கிடப்பார்.

அந்தப் பழைய பழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பது விரைவு மீட்பு முறை: பட்டினியைக் குறைத்து, ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரமே குடிக்கவும் நடக்கவும் வைப்பது. டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் தொடங்கிவைத்தது. ஆஸ்பத்திரியில் இதை ஈராஸ் (ERAS, ‘ஆபரேஷனுக்குப் பின் மேம்பட்ட மீட்பு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்போம்.

பட்டினிக்குக் காரணம் உண்டு. மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆனால் தண்ணீர் இரைப்பையில் அவ்வளவு நேரம் தங்குவதில்லை. தண்ணீர், பால் கலக்காத டீ போன்றவற்றை மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 1999-லேயே சொல்லிவிட்டது. ஈராஸ் இன்னும் ஒரு படி மேலே போய், மாவுச்சத்துப் பானம் 400 மில்லி கொடுக்கச் சொல்கிறது. குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும், சர்க்கரை நோயால் இரைப்பை மந்தமானவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

ஆபரேஷன் முடிந்த பிறகு? பழைய முறையில் மூக்கில் ஒரு டியூப், சிறுநீருக்கு ஒன்று, கையில் குளுக்கோஸ். காற்று பிரியும் வரை வாய்க்கு எதுவும் கிடையாது. ஈராஸில் மூக்கு டியூபை வழக்கமாக வைப்பதே இல்லை. அன்றைக்கே குடிக்கத் தருவார்கள். குடலை மந்தமாக்கும் மார்ஃபின் வகை மருந்துகளைக் குறைத்து, வேறு வலி மருந்துகளைச் சேர்த்துத் தருவார்கள். ஆபரேஷன் அன்றே 2 மணி நேரம், மறுநாளிலிருந்து தினம் 6 மணி நேரம் கட்டிலை விட்டு இறங்கி இருக்க வேண்டும் என்பது 2005-இல் ஈராஸுக்கான ஐரோப்பிய மருத்துவர் குழு வைத்த இலக்கு.

சரி, பலன்? நெதர்லாந்தில் பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2011-இல் வெளியான லாஃபா ஆய்வு இரண்டையும் நேராக மோதவிட்டது. லேப்ராஸ்கோப்பியோடு (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) விரைவு மீட்பும் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தது 5 நாள் (இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் கணக்கு). லேப்ராஸ்கோப்பியோடு பழைய கவனிப்பு என்றால் 6. வயிற்றைத் திறந்து செய்தவர்களுக்கு, மறுபடி சேர்ந்த நாட்களையும் கூட்டினால், இரண்டு முறையிலும் 7 நாள்தான். ஆக, ஈராஸை மந்திரம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். வீடு திரும்பும் நாளை மட்டும் எண்ணினால், இடையில் நோயாளி பட்ட தாகம் கணக்கில் வராது.

பெரிய தடை ஆள் பற்றாக்குறை. டியூபோடும் வலியோடும் இருப்பவரைக் கைத்தாங்கலாக எழுப்பி நடக்கவைக்க ஒரு நர்ஸ் முழுசாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். இரவு ஷிப்டில் வார்டுக்கே ஒருவர் என்றால் 6 மணி நேரம் ஏட்டில்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட வார்டில் ஒன்றே ஒன்றை மாற்ற முடியும் என்றால் நான் தண்ணீரில் தொடங்குவேன். அதற்குக் கூடுதல் ஆளோ கருவியோ வேண்டாம். ஆபரேஷன் எத்தனை மணிக்கு என்று தியேட்டரிலிருந்து சரியாகச் சொன்னால் போதும்.