சொந்த கேமா, பெரிய கம்பெனியா?

காட்பாடியில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, பெங்களூரு போய் பெரிய கேம் கம்பெனியில் சேரட்டுமா, வீட்டிலிருந்தே சொந்தமாகச் செய்யட்டுமா?"

கம்பெனியில் மாதச் சம்பளம் வரும், சொல்லித்தர சீனியர்கள் இருப்பார்கள். ஆனால் நூற்றுக்கணக்கானோர் உழைக்கும் கேமில் உன் பங்கு ஒரு கதவாகவோ மரமாகவோ இருக்கலாம். அந்த வேலையும் நிரந்தரமில்லை. ஹை-ஃபை ரஷ் என்ற கேம் அவ்வளவு பாராட்டு வாங்கியது. அதைச் செய்த தன் டேங்கோ கேம்வொர்க்ஸ் கம்பெனியை மூடுவதாக 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சொந்த வழி மெதுவானது. எரிக் பரோன் என்பவர் ஸ்டார்டியூ வேலி என்ற கேமின் படங்கள், இசை, கோடிங் எல்லாவற்றையும் தனியாகவே செய்தார். நான்கரை ஆண்டு ஆனது. இடையில் ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலையும் பார்த்தார். 2016-இல் வெளியானது. கேம்கள் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு கேம் ஏற்ற 100 டாலர் கட்ட வேண்டும்; விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் அவர்களுக்கு. விளம்பரம் முழுக்க நம் தலையில்தான்.

சரி, என் யோசனை: வேலூரில் வீட்டுச் சாப்பாடு இருக்கிறது, வாடகை இல்லை. இதுவே பெரிய முதலீடு. ஆறு மாதத்தில் சின்னதாக ஒரு கேமை முடித்து வெளியிடு. அப்புறம் கம்பெனிக்கு விண்ணப்பித்தாலும் காட்ட கையில் ஒன்று இருக்கும்.