சிபியு ஆபீசில், கீபோர்டு ஷெட்டில்: எங்கள் கேவிஎம் எக்ஸ்டெண்டர்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. சிலாப் அளவை உடனுக்குடன் ஏற்ற, மெஷின் பக்கத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தோம். ஒன்றரை வருடத்தில் இரண்டு மதர்போர்டு போய்விட்டது. பாலிஷ் சேறு காய்ந்து மாவாகப் பறக்கும், சிபியு ஃபேன் அதை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியாகத் திறந்தபோது ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசினதுபோல அடைத்திருந்தது.

சரி, சிபியுவை ஆபீசுக்குத் தூக்கிவிட்டு மானிட்டர், கீபோர்டு, மவுஸை மட்டும் ஷெட்டில் விடலாம் என்று முடிவு செய்தோம். நடுவில் 45 மீட்டர். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் தாங்காது. அதற்காகத்தான் இந்தக் கேவிஎம் எக்ஸ்டெண்டர், அதாவது கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றையும் ஒரே கேபிளில் தூரத்துக்குக் கொண்டுபோகிற கருவி. ஆன்லைனில் நாலாயிரத்துச் சொச்சம், 60 மீட்டர் போகும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

சிபியு பக்கம் ஒரு டப்பா, மானிட்டர் பக்கம் ஒரு டப்பா, நடுவில் ஒரே ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள். நெட்வொர்க்கில் போடுகிற அதே ஆர்ஜே45 முனை தானே என்று நான் நெட்வொர்க் ஸ்விட்சில் செருகிவிட்டு அரை மணி நேரம் முழித்தேன். இந்த மாடலில் கேபிள் டப்பாவிலிருந்து டப்பாவுக்கு நேராகப் போக வேண்டும். ஸ்விட்ச் வழியாக வேலை செய்கிற ஐபி வகை வேறு.

நேராகச் செருகியதும் படம் வந்தது. ஆனால் பாலிஷ் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் திரை ஒரு நொடி கறுத்துவிடும். எக்ஸ்டெண்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேபிளை உரித்து பிளேடால் சுரண்டினால், செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! போதாததற்கு எலக்ட்ரீஷியன் அதை மூன்று ஃபேஸ் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் சுத்தச் செம்பு, ஷீல்டு போட்ட கேபிள் வாங்கிவந்து தனிப் பைப்பில் இழுத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

டைப் செய்வதில் தாமதமே தெரியவில்லை. மவுஸ் மட்டும் கொஞ்சம் மிதக்கும், எண்கள் ஏற்றுகிற வேலைக்கு அது பொருட்டில்லை. பார்கோடு ஸ்கேனர் ஓடுகிறது, அதுவும் கீபோர்டு போலத்தானே எழுத்தை அனுப்புகிறது. பென் டிரைவ் போட்டால் மட்டும் சிபியுவுக்குத் தெரியாது.

எனக்கு இருக்கும் ஒரே ஆத்திரம் கரண்ட் விஷயம். ஷெட்டில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்தால் படம் தானாக வந்துவிடும், கீபோர்டு வராது. "அண்ணா, மறுபடியும் செத்துப்போச்சுங்க" என்று போன் வரும். சிபியு பக்கத்து யூஎஸ்பியைப் பிடுங்கிச் செருகினால் உயிர் வரும். பிறகு ஷெட் டப்பாவின் அடாப்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டினேன், போன் குறைந்தது. காலையில் முதலில் மானிட்டரையும் டப்பாக்களையும் போட்டு, அப்புறம் சிபியுவைப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் மானிட்டரின் அளவு சிபியுவுக்குத் தெரியாமல், எழுத்தெல்லாம் பூதமாக வந்து நிற்கும்.

சிபியு பக்க டப்பாவில் இன்னொரு மானிட்டர் மாட்ட ஒரு எச்டிஎம்ஐ அவுட் உண்டு. ஷெட்டில் அடிப்பதெல்லாம் இப்போது முதலாளி மேஜையில் அப்படியே தெரிகிறது. அவருக்குப் பரம சந்தோஷம். ஷெட் பையனுக்குத்தான் முகம் வாடிவிட்டது, சாப்பாட்டு வேளையில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க முடிவதில்லை.

ஆறு மாதமாக ஓடுகிறது, சிபியு உள்ளே சுத்தம். கீபோர்டு மட்டும் இரண்டு மாற்றிவிட்டேன். சேறு அதை விடுவதாயில்லை.