லூப் ஹேபிட் ட்ராக்கர்: ஒரு நாள் தவறினால் பூஜ்ஜியம் போடாத ஆப்

பழக்கங்களைக் கணக்கு வைக்கும் ஆப்கள் பெரும்பாலும் ‘தொடர்ந்து எத்தனை நாள்’ என்பதைத்தான் பெரிதாகக் காட்டும். 40 நாள் ஒழுங்காக நடைப்பயிற்சி போய்விட்டு ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் எண்ணிக்கை பூஜ்ஜியம். வெறுத்துப்போய் ஆப்பையே தூக்கிவிடத் தோன்றும்.

லூப்பில் ஒவ்வொரு பழக்கத்துக்கும் சதவீதத்தில் ஒரு ஸ்கோர் உண்டு. தினசரிப் பழக்கத்தை விடாமல் செய்தால் ஒரு மாதத்தில் சுமார் 80, இரண்டு மாதத்தில் 96. அந்த 80-இல் ஒரு நாள் விட்டால் 76. மறுநாள் செய்தால் 77. தொடர்ந்து 13 நாள் விட்டால்தான் பாதியாகும். நிஜத்திலும் பழக்கம் ஏறக்குறைய இப்படித்தானே தேய்கிறது!

பலர் சறுக்குவது பழக்கத்தை ஆப்பில் அமைக்கும்போது. உடற்பயிற்சியை ‘தினமும்’ என்று போடாதீர்கள். வாரத்துக்கு 3 என்று வையுங்கள். மூன்று டிக் விழுந்தபின் மீதி நாட்களுக்கு மங்கலான டிக் தானாக வரும், ஸ்கோர் இறங்காது. வாசிப்பு, தண்ணீர் போன்றவற்றுக்கு எண்ணால் அளக்கும் வகைதான் சரி: இலக்கு 10 பக்கம் என்றால் 3 பக்கத்துக்கும் அதற்குரிய பங்கு கிடைக்கும்.

செட்டிங்ஸில் ‘ஸ்கிப்’ வசதியை இயக்கினால் பயணம், காய்ச்சல் நாட்களைக் கணக்கிலிருந்து விலக்கலாம். சோம்பலுக்கும் ஸ்கிப் போட ஆரம்பித்தால் ஸ்கோருக்கு அர்த்தமில்லை. இரவு வெகுநேரம் விழித்திருப்பவர்கள், புது நாளை அதிகாலை 3 மணிக்குத் தொடங்கும் தேர்வையும் இயக்கிக்கொள்ளுங்கள். ஆப்பை மூடித் திறந்தால்தான் அந்தத் தேர்வு வேலை செய்யும். டிக் போட அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பது எரிச்சலாக இருந்தால் அதையும் அங்கேயே மாற்றலாம்.

நினைவூட்டல் வரவில்லை என்றால் ஆப்பைத் திட்டுமுன் போனின் பேட்டரி சேமிப்பைப் பாருங்கள். சில போன்கள் பின்னணியில் இருக்கும் ஆப்களை நிறுத்திவிடும். லூப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினால் போதும்.

பெரிய குறை, லாகின் செய்யும் அக்கவுண்டும் இல்லை, இணையத்தில் சேமிக்கும் கிளவுடும் இல்லை. போன் தொலைந்தால் எல்லாம் போச்சு. மாதம் ஒருமுறை முழு பேக்கப் எடுத்து டிரைவிலோ மெயிலிலோ போட்டு வையுங்கள். ஆப் தரும் சிஎஸ்வி (அட்டவணை) கோப்பை நம்பாதீர்கள். அது எக்ஸெலில் பார்க்க உதவுமே தவிர, திரும்ப ஆப்பில் ஏற்ற முடியாது.

விலை இல்லை, விளம்பரம் இல்லை, ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்க்கலாம்). ஆண்ட்ராய்டுக்கு மட்டும், ஐபோன்காரர்களுக்கு வழியில்லை.