சப்வூஃபருக்கு மோனோபிளாக்கா, நாலு சேனல் ஆம்பா?

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் காருக்கு வயர் இழுத்துக் கொடுத்த அண்ணன், பேஸ் ஒலிக்கான சப்வூஃபருக்கு (சுருக்கமாக சப்) நாலு சேனல் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டிதான் போதும் என்ற கட்சி. "முன் ஸ்பீக்கருக்கும் ஆச்சு, சப்புக்கும் ஆச்சு, ஒரே பெட்டி தம்பி" என்றார். தப்பில்லை. இடம் மிச்சம், காசும் மிச்சம். ஆனாலும் நான் ஒரே சேனல் உள்ள மோனோபிளாக் ஆம்பைத்தான் போட்டேன்.

வாட் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். டப்பாவில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'மேக்ஸ்' கணக்கை மறந்துவிட்டு, தொடர்ந்து தாங்கும் வாட்டான ஆர்எம்எஸ்ஸைப் பாருங்கள். என் சப் 400 வாட் ஆர்எம்எஸ்.

விஷயம் ஓமில், அதாவது மின்தடையில் இருக்கிறது. என் சப்பில் இரண்டு வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம். பேரலலாகக் கட்டினால் 2 ஓம், சீரிஸில் கட்டினால் 8 ஓம். நடுவில் 4 ஓம் வரவே வராது. நாலு சேனல் ஆம்பில் பின் இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்தால், அதாவது ஒன்றாக இணைத்தால், பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஏனென்றால் பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலின் தலையிலும் பாதி ஓம்தான் விழும். 2 ஓம் சப்பை மாட்டினால் அது 1 ஓம் ஆகிவிடும். ஆம்ப் கொதித்துக் கட் ஆகிவிடும். சரி, 8 ஓமில் மாட்டலாமே என்றால், 4 ஓமில் சேனலுக்கு 75 வாட் தரும் ஆம்ப் மொத்தமே 150 வாட்தான் தரும். சத்தம் போதவில்லை என்று ஆம்பின் கெயின் திருகை முறுக்குவோம், சிக்னல் கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும், சத்தம் கரகரக்கும்.

என் மோனோபிளாக் 2 ஓமில் 500 வாட். கெயினைக் காதால் வைக்கவில்லை. சப்பின் 400 வாட்டை 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், ஆம்ப் தரவேண்டியது 28 வோல்ட் சொச்சம். சப் வயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, மல்டிமீட்டர் 28 காட்டியதும் திருகைத் தொடாமல் விட்டேன்.

முன் ஸ்பீக்கர்கள் இன்னும் ஹெட் யூனிட்டின் (டாஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ) தயவில்தான் பாடுகின்றன, அது ஒரு குறை. ஒலித்தரத்தில் எது உசத்தி என்று அடித்துச் சொல்லமாட்டேன். இரண்டையும் ஒரே காரில் மாட்டிக் கேட்டதில்லை. சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிந்து கார் போனாலும் ஆம்பைக் கழற்றி அடுத்த காரில் போட்டுக்கொள்ளலாம், அது இரண்டுக்கும் பொது.

சப் இன்னும் வாங்கவில்லையா? இரட்டை 2 ஓம் காயில் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சீரிஸில் கட்டினால் சரியாக 4 ஓம் வரும், பிரிட்ஜில் ஆம்ப் தரும் வாட் சப்பின் ஆர்எம்எஸ்ஸுக்கு ஒத்துப்போனால் அண்ணன் சொன்ன நாலு சேனலே போதும்.