திருகோணமலையில் எடுத்த நக ஸ்கான்

ஆவணியில் உப்புவெளியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, எனது வலது நடுவிரலின் நுனி மூட்டு வீங்கி, ஏற்கெனவே ஊசியால் குத்தியதுபோல் குழிகள் விழுந்திருந்த நகம் ஒரு பக்கமாகக் கிளம்பத் தொடங்கியது. சொரியாசிஸ் என்ற தோல்நோயோடு வரும் மூட்டுவாதத்துக்காக ரொறன்ரோவில் பத்து வருடங்களாக மருந்தெடுக்கும் எனக்கு இது புதிதன்று. ஆயினும் கனடா திரும்ப இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

முதலில் சென்ற தனியார் நிலையத்தில் கையை எக்ஸ்றே எடுத்து, எலும்பில் குறையில்லை என்று கூறி, நகத்துக்குப் பூஞ்சண மருந்து எழுதிக் கொடுத்தார்கள். பூஞ்சணமும் சொரியாசிஸும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் நகத்தைச் சுரண்டிப் பரிசோதிக்கவும் இல்லை, தோல்நோய் உண்டா என்று கேட்கவும் இல்லை. எலும்பு அரிக்கப்பட்ட பின்னரே பேசும் எக்ஸ்றே, நகத்தின் கீழுள்ள அழற்சியைக் காட்டாது. இந்நோயை வகைப்படுத்தும் 2006ஆம் ஆண்டின் காஸ்பார் அளவுகோல்களில் நகமாற்றத்துக்கென்றே ஒரு புள்ளி உண்டு.

அக்காவின் வற்புறுத்தலால் வேறோர் இடத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கானுக்காகக் கதிரியக்க நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணினோம், அதாவது முன்பதிவு செய்தோம். ஆறு மணிக்கு வரச் சொல்லி எட்டரைக்குக் கூப்பிட்டார்கள். அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். தைரொயிட் பார்க்கும் அதே உயர் அதிர்வெண் கருவிமுனையைத்தான் அவரும் எடுத்தார்; வித்தியாசம் அவருடைய கையில் இருந்தது. நகத்தின்மேல் ஜெல்லைக் குவித்து, முனை நகத்தை அழுத்தாமல் ஜெல்லிலேயே மிதக்கும்படி பிடித்தார். அழுத்தினால் நுண்ணிய குருதிக் குழாய்கள் நசிந்து, அழற்சியே இல்லாததுபோல் தோன்றிவிடுமாம். ஏசியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, "கை குளிர்ந்திருந்தா இரத்த ஓட்டம் வடிவாத் தெரியாது ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்றார்.

மோதிர விரலின் நல்ல நகம், திரையில் இரண்டு வெண்கோடுகளாகவும் அவற்றிடையே மெல்லிய கருங்கோடாகவும் தெரிந்தது. நடுவிரலிலோ கீழ்க்கோடு கலைந்து, அதன் அடியில் நகப்படுக்கை தடித்திருந்தது. இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டொப்ளரை இயக்கியதும் அங்கே செம்புள்ளிகள் துடித்தன. விரலை நிமிர்த்தும் தசைநாண் எலும்பைப் பற்றும் இடமும் வீங்கியிருந்தது. அத்தசைநாணின் நார்கள் நகம் முளைக்கும் வேர்வரை நீள்வதால்தான் நுனி மூட்டும் நகமும் சேர்ந்து நோகின்றன என்பதை ரொறன்ரோவில் எவரும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை.

எனது குறை அறிக்கையைப் பற்றியது. அது ஒரே பக்கம்; படம் எதுவும் இணைக்கப்படவில்லை. கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே வளர்வதால், மருந்து வேலை செய்கிறதா என்று அறிய மாதங்கள் கழித்துப் பழைய படத்தோடுதான் ஒப்பிட வேண்டும். கேட்டபோது, திரையைக் கைபேசியில் எடுத்துக்கொள்ள நிபுணர் மறுப்பின்றி அனுமதித்தார். கனடாவில் எனது வைத்தியர் முதலில் கேட்டது எந்த விரல் என்பதைத்தான். அறிக்கையில் "வலது கை விரல்" என்று மட்டுமே இருந்தது, கைபேசிப் படத்தின் மூலையில் இருந்த "ஆர் 3" (வலது கை, மூன்றாம் விரல்) என்ற குறியே விடை சொன்னது.