ஈஎஸ்பி32ஆ, பை ஸீரோ 2 டபிள்யூவா? சுற்றிவர உள்ள வயர்லஸைக் கேட்க எது?

ஈஎஸ்பி32 என்பது வைஃபையும் புளூடூத்தும் உள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்ட், பை ஸீரோ 2 டபிள்யூ லினக்ஸ் ஓடும் குட்டி ராஸ்பெரி பை கணினி. விலையை மட்டும் பார்த்தால் பேச்சே இல்லை, ஈஎஸ்பி32தான். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினாலே கிடைக்கும், கரண்ட் கொடுத்ததும் எழும்பிவிடும், எஸ்டி கார்ட் தலையிடி இல்லை. புரொமிஸ்குவஸ் மோட் அதிலேயே இருக்கிறது, அதனால் ஈஎஸ்பி32 எதையும் அனுப்பாமல், காற்றில் போகிற வைஃபை பக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் வழமையான ஈஎஸ்பி32க்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான். 5 கிகாஹேர்ட்ஸில் ஓடும் ரௌட்டர் பக்கத்து அறையில் இருந்தாலும் தெரியாது. வெள்ளவத்தைத் தொடர்மாடி மாதிரி நெருக்கமான இடத்தில் இன்னொரு சிக்கல்: வைஃபையின் 13 சனல்களையும் (அலைவரிசைகளையும்) மாறி மாறிக் கேட்கும்போது மற்றச் சனலில் போவது தவறிவிடும், போதாததற்கு புளூடூத்துக்கும் அதே ரேடியோதான்.

பை வாங்கினால் எல்லாம் தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள். உள்ளே இருக்கும் வைஃபை சிப் நேரடியாக மொனிட்டர் மோடுக்கு, அதாவது எதனுடனும் இணையாமல் எல்லாப் பக்கெட்டையும் கேட்கும் நிலைக்கு, வராது. அந்தச் சிப்பின் மென்பொருளை மாற்றும் நெக்ஸ்மொன் பச் போட்டு மினக்கெடலாம், ஆனால் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்குவதே மேல், அதிலும் சிப்பைக் கேட்டு வாங்குங்கள்: ஏஆர்9271 என்றால் 2.4 மட்டும், எம்டி7612யூ என்றால் 5உம் சேர்த்து. பை, அடாப்டர், அதைப் பையில் குத்த ஓடிஜி கேபிள், கார்ட் என்று செலவு ஏறும், சரி. ஆனால் வயர்லஸைக் கேட்டுப் பதியும் கிஸ்மெட் மென்பொருளை ஓட்டி, எல்லாவற்றையும் கோப்பில் சேமித்து, பிரௌசரில் ஆறுதலாகப் பார்க்கலாம்.

புளூடூத்தில் நான் ஈஎஸ்பி32 பக்கம். பையில் புளூடூத்சிடிஎல் என்ற லினக்ஸ் கட்டளையின் ஸ்கேன் சத்தமில்லாமல் கேட்பதில்லை, எதிரில் உள்ள சாதனத்திடம் விவரம் கேட்டு ஒரு பக்கெட் அனுப்பும். ஈஎஸ்பி32இல் இப்படிக் கேட்டு அனுப்பும் அக்டிவ் ஸ்கேனை ஒரு வரியில் நிறுத்திவிடலாம்.

கடைக்கு வருகிற ஆட்களை அவர்களின் போன் சிக்னலை வைத்து எண்ணலாம் என்ற யோசனை இருந்தால் இரண்டும் வேண்டாம். ஐஓஎஸ் 8 வந்த 2014இலிருந்தே வைஃபை தேடும்போது ஐபோன் பொய்யான மக் முகவரி (சாதனத்தின் வயர்லஸ் அடையாள எண்) கொடுக்கிறது, அப்புறம் அண்ட்ரொய்டும் அந்த வழிக்கு வந்துவிட்டது. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றா? அது பெரும்பாலும் அப்படியான பொய் முகவரிதான், ஒரே போன் பல பேராகத் தெரியும்.

433 மெகாஹேர்ட்ஸ் கேட் ரிமோட், வானிலை சென்சர் எதுவும் இரண்டின் காதிலும் விழாது. பையில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிளைக் (பல அலைவரிசைகளைக் கேட்கும் யூஎஸ்பி ரேடியோ) குத்தலாம். ஈஎஸ்பி32இல் அது ஓடாது, சிசி1101 என்ற ரேடியோ மொடியூல் தனியாக வாங்கி வயர் பிடிக்க வேண்டும்.