நியூசிலாந்தின் தென்தீவு: மோட்டார்ஹோமா, காரும் விடுதியுமா?

தென்தீவைச் சுற்றிப் பார்க்க இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியான மோட்டார்ஹோமையே நான் சொல்வேன். 3,724 மீட்டர் உயரமுள்ள அவோராக்கி சிகரத்தின் அடிவாரத்தில், ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் வண்டியை நிறுத்தி, விடியற்காலையில் அடுப்பில் தேநீர் கொதிக்க, ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டுப் பனிமலையைப் பார்க்கும் பேறு விடுதி அறையில் எளிதில் வாய்க்காது. புகாக்கி ஏரிக்கரையில் இறங்கிச் சமைத்துச் சாப்பிடலாம். ஆனால் இரவில் நினைத்த இடத்தில் தங்க முடியாது. உள்ளாட்சி நிலங்களில் இலவசமாகத் தங்குவதற்கு, நிலையாகப் பொருத்திய கழிப்பறையுள்ள சான்றிதழ் பெற்ற வண்டியைப் பொதுவாக 2023ஆம் ஆண்டுச் சட்டம் கோருகிறது. கழிவுத் தொட்டியையும் நாமேதான் காலிசெய்ய வேண்டும்.

ஆனால் மில்ஃபோர்டு சவுண்டு என்னும் கடற்கழிக்குச் செல்லும் சாலையில், ஹோமர் சுரங்கத்தைத் தாண்டி வரும் செங்குத்தான வளைவுகளில் இறங்கக் காரே எளிது. வயதான பெற்றோருடன் செல்வோருக்கும் காரும் விடுதியுமே ஏற்றவை.